1989 வாரிசுரிமைத் திருத்தம்: வரைவுக் கோப்பைத் தேடுவதற்கு முன்

கேள்வி கேட்டவர் ஓர் ஆய்வு மாணவர். 1989ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமை (தமிழ்நாடு திருத்தம்) சட்டம், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குப் பிறப்பால் கிடைக்கும் பங்கை மகளுக்கும் கொடுத்தது. ஆனால் 25.3.1989க்கு முன்பே திருமணமான மகள்களை விட்டுவிட்டது. இந்த விலக்கை ஏன் வைத்தார்கள், அமெரிக்காவில் சில மாநிலங்களில் முடிவதுபோல இங்கேயும் சட்டத்தை எழுதியவர்களின் வரைவுக் கோப்பை வாங்கிப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். உண்மையில் இது இரண்டு கேள்வி. கோப்பு கிடைக்குமா என்பது ஒன்று. கிடைத்தால் அதில் காரணம் இருக்குமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு விடை, ஓரளவு கிடைக்கும். இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்குத் தேவை கோப்பு இல்லை, காரணம்.

வழக்கறிஞர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் பழைய சட்டங்களின் பின்னணியைத் தேடிக் கொடுப்பது பல வருடங்களாக என் வேலை. நான் வழக்கு நடத்துகிறவன் அல்ல, அதனால் இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்க உதாரணத்தை முதலில் முடித்துவிடலாம். விஸ்கான்சின் மாநிலத்தில் சட்டமன்றத்தின் ஆய்வுப் பணியகம் 1927 முதலான வரைவுக் கோப்புகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறது. உறுப்பினர் கொடுத்த அறிவுறுத்தல், வரைவாளர் எழுதிய குறிப்பு, அடுத்தடுத்த வரைவுகள், வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே கோப்பில் கிடைக்கும். அங்கே வரைவாளர் சட்டமன்றத்தின் ஊழியர். இங்கே நிலைமை வேறு. அரசு கொண்டுவரும் சட்டமுன்வடிவு, அதாவது மசோதா, தலைமைச் செயலகத்தில் பிறக்கிறது. சம்பந்தப்பட்ட துறை முன்மொழிவைத் தயாரிக்கும், அது அமைச்சரவைக்குப் போகும், சட்டத் துறை அதற்குச் சட்ட வாசகம் கொடுக்கும். ஆகவே நீங்கள் 'வரைவுக் கோப்பு' என்று நினைப்பது இங்கே ஒரே கட்டாக இருக்காது. துறையின் கோப்பு, சட்டத் துறையின் கோப்பு, அமைச்சரவைக்கான குறிப்பு என்று பிரிந்து கிடக்கும். அவற்றை நேராகக் கேட்டுப் போனால் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். அச்சில் இருப்பதை முதலில் முடித்துவிட்டு, அங்கே கிடைக்கும் எண்ணையும் தேதியையும் வைத்துக் கோப்பைக் கேட்க வேண்டும்.

அச்சில் முதல் இடம் தமிழ்நாடு அரசிதழ். அதன் நான்காம் பகுதியில் முதல் பிரிவில் சட்டமுன்வடிவுகளும், இரண்டாம் பிரிவில் சட்டங்களும் அவசரச் சட்டங்களும் வரும். உங்கள் சட்டத்தின் பெயரில் 1989 என்று இருந்தாலும் அதன் எண் 1990ஆம் ஆண்டின் 1ஆம் எண் சட்டம் என்பதைக் கவனியுங்கள். வாரிசுரிமை அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மத்தியச் சட்டத்தை மாநிலம் தனக்கென்று திருத்தினால், முரண்பாடு வராமலிருக்க 254(2)ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலுக்குக் காத்திருந்ததில் வருடம் மாறியது. அதனால் 1989 அரசிதழில் மசோதாவையும் 1990 அரசிதழில் சட்டத்தையும் தேட வேண்டும். இது தெரியாமல் ஒரே வருடத்தின் தொகுதியைப் புரட்டிவிட்டு 'இல்லை' என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. இந்தியா கோட் இணையதளத்தில் கிடைப்பது பெரும்பாலும் சட்டத்தின் வாசகம் மட்டும்தான். மசோதாவோடு வரும் நோக்கக் காரண விளக்கவுரை அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அமைச்சர் பெயரில் வெளியாகும் அந்த விளக்கவுரைதான், அரசு இந்தச் சட்டத்தை ஏன் கொண்டுவருகிறது என்று அந்த நேரத்திலேயே எழுத்தில் சொன்ன அதிகாரபூர்வக் காரணம். மசோதாவையும் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். பேரவையில் ஏதாவது மாறியிருந்தால் அங்கேதான் தெரியும். ஒன்றும் மாறவில்லை என்றால், விலக்கு அவையில் நுழைந்ததல்ல, செயலகத்திலிருந்தே வந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். அதுவே பாதி விடை.

அப்புறம் தேதி. சட்டத்துக்குள் விளக்கம் இல்லாமல் ஒரு தேதி உட்கார்ந்திருந்தால், அன்று என்ன நடந்தது என்று பார்ப்பதை நான் முதல் வேலையாக வைத்திருக்கிறேன். இரண்டு உதாரணம் சொல்கிறேன். தமிழ்நாட்டின் 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் 13.4.1962 அன்றுதான் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. 2.5.1962 அன்று அரசிதழில் வந்தது. ஆனால் 'இச்சட்டம் தொடங்கிய நாள்' என்று அந்தச் சட்டம் சொல்வது 6.4.1960. அது மசோதா வெளியான நாள். அந்த நாளுக்கும் பின்னர் அறிவிக்கப்பட்ட 2.10.1962க்கும் நடுவில் நடந்த நில மாற்றம் சட்டத்தை முறியடிப்பதாக இருந்தால் அதைச் செல்லாதென்று அறிவிக்கலாம் என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. மசோதா வந்ததைப் பார்த்ததும் நிலத்தை உறவினர் பெயரில் எழுதி வைத்துத் தப்பிவிடக் கூடாது என்பதுதான் அந்தத் தேதிக்குள் இருக்கும் கவலை. இரண்டாவது, 2005ஆம் ஆண்டின் மத்திய இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம். அது 9.9.2005 அன்று நடைமுறைக்கு வந்தாலும், 20.12.2004க்கு முன் நடந்த பாகப்பிரிவினையைத் தொடாது. அந்த நாளில்தான் மசோதா மாநிலங்களவையில் அறிமுகமானது. காரணம் எங்கும் எழுதப்படாமலே தேதியில் தெரிகிறது, பாருங்கள்.

இப்போது உங்கள் 25.3.1989. அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிதிநிலை அறிக்கை வைக்கப்பட்டது. முதலமைச்சர் மு. கருணாநிதியே நிதித் துறையையும் வைத்திருந்தார். அந்த நாள் இன்றும் பேசப்படுவது அவையில் நடந்த அமளிக்காகத்தான், அந்தத் தேதியின் நடவடிக்கைக் குறிப்பைத் தேடிப் போகிறவர்களும் அதற்காகத்தான் போகிறார்கள். நீங்கள் போக வேண்டியது நிதிநிலை உரைக்காக. சட்டத்தின் முதல் பிரிவு, இது 25.3.1989 அன்றே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படும் என்கிறது. ஒரு சட்டத்தை அரசின் அறிவிப்பு நாளிலிருந்து முன்தேதியிட்டு நடைமுறைப்படுத்துவது சாதாரணமான வழக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இணைப்பு ஊகிக்கக் கூடியதே. ஆனால் ஊகத்துக்கும் சான்றுக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. உரையில் இந்தச் சொத்துரிமை பற்றிய வாசகம் வரும் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்கள் ஆய்வேட்டில் அதைச் சான்றாக எழுத வேண்டும். நாளிதழ்ச் செய்தியையோ பின்னாளில் யாரோ மேடையில் சொன்னதையோ வைத்து எழுதக் கூடாது. இன்னொன்று, அந்தப் பக்கம் கிடைத்தாலும் அது விளக்குவது தேதியை மட்டும்தான். கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்று ஏன் கோடு போட்டார்கள் என்பதற்கு அது விடை ஆகாது.

அந்த விடைக்கு வேறு மாநிலத்துக்குப் போக வேண்டும். 1986ஆம் ஆண்டில் ஆந்திரப் பிரதேசம் இதே மாதிரி ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்து, அதை 5.9.1985 முதல் நடைமுறைக்கு வந்ததாக வைத்தது. இரண்டு சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 29ஏ, 29பி, 29சி என்று அதே மூன்று பிரிவுகள், அதே வரிசை, ஏறக்குறைய அதே வாசகம். ஆந்திரச் சட்டம் முன்பே திருமணமான மகளையும் முன்பே நடந்த பாகப்பிரிவினையையும் ஒரே உட்கூறில் விலக்கியது. தமிழ்நாட்டு வரைவாளர் அதை இரண்டு உட்கூறுகளாகப் பிரித்து எழுதினார். அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்லலாம். சட்டம் எழுதுகிறவர்கள் வெள்ளைத் தாளிலிருந்து தொடங்குவது அபூர்வம். பக்கத்து மாநிலத்தில் ஏற்கெனவே குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, நடைமுறையிலும் இருக்கும் வாசகத்தை எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. ஆகவே சென்னையில் மேஜைமேல் ஆந்திரச் சட்டம் விரிந்திருந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இது எந்தக் கோப்பையும் பார்க்காமல் வாசகத்தை மட்டும் வைத்துச் சொல்லக்கூடியது.

இது முக்கியம், ஏனென்றால் நீங்கள் தேடும் காரணம் முதலில் உருவானது ஹைதராபாதில்தான். ஆந்திரச் சட்டத்தின் முகப்புரை, மகளைப் பங்கிலிருந்து ஒதுக்கியதுதான் வரதட்சிணைக் கொடுமைக்கு வழி வகுத்தது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. வரதட்சிணையை ஒழிக்கும் கருவியாகச் சொத்துரிமையைப் பார்க்கிறவர்களுக்கு, ஏற்கெனவே கல்யாணம் முடிந்த பெண்ணை வெளியே வைப்பது இயல்பாகப் பட்டிருக்கும். கொடுத்தது கொடுத்தாயிற்று, முடிந்த கணக்கை மறுபடி திறக்க வேண்டாம் என்ற எண்ணம். இது நியாயமான வாசிப்பு என்று நினைக்கிறேன், ஆனால் வாசிப்புதான். வாசகத்தை எடுத்துக்கொண்டவர்கள் காரணத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள் என்று தானாக ஆகிவிடாது. கூடவே கைவிடப்பட்ட வழியையும் பாருங்கள். கேரளம் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்து, 1.12.1976 முதல் நடைமுறைப்படுத்தியது. அந்த மாதிரியும் கண் முன்னால் இருந்தது. தமிழ்நாடு அதை எடுக்காமல், கூட்டுக் குடும்பத்தை வைத்துக்கொண்டு மகளை அதற்குள் சேர்க்கும் வழியை எடுத்தது. அது ஒரு தேர்வு என்பது உறுதி. ஏன் அந்தத் தேர்வு என்பதைப் பேரவைக் குறிப்பில்தான் தேட வேண்டும்.

பேரவைக் குறிப்பைப் பற்றி அதிகம் எதிர்பார்ப்பை வளர்த்துக்கொள்ள வேண்டாம். கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் பல மசோதாக்கள் வரிசையாக எடுக்கப்பட்டுக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுவது வழக்கம். முக்கியமான சட்டத்துக்கு ஒன்றிரண்டு பக்கம்தான் விவாதம் இருந்தது என்றால் வியக்காதீர்கள். அறிமுக நாள், ஆய்வுக்கு எடுத்த நாள், நிறைவேறிய நாள் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். உறுப்பினர் கொடுத்துத் தோற்றுப்போன திருத்தம் ஏதாவது இருந்தால் அது பொன்னுக்குச் சமம். திருமணமான மகளையும் சேர்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்டு, அமைச்சர் முடியாது என்று பதில் சொல்லியிருந்தால், உங்கள் கேள்விக்கு அதைவிட நேரான ஆவணம் கிடையாது. மேலவை 1986 நவம்பர் 1 அன்றே கலைக்கப்பட்டுவிட்டதால் இந்தச் சட்டத்துக்குப் பேரவை ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய சட்டமென்றால் இரண்டு அவையின் குறிப்புகளையும் பார்த்தாக வேண்டும். இவற்றோடு அந்த ஆண்டின் ஆளுநர் உரை, மானியக் கோரிக்கையின்போது துறைகள் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டதை இந்தச் சட்டத்தோடு சேர்த்துப் பேசுவார்கள். சட்டத்தின் அரசியல் மரபுக்கு அது சரியான ஆதாரம். இந்த விலக்குக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது, அந்தத் தீர்மானத்தின் திசையே வேறு.

காலத்தால் பின்னால் வந்தாலும் பார்க்க வேண்டிய ஒன்று, 2004ஆம் ஆண்டின் மத்திய மசோதா. சட்ட ஆணையம் 2000ஆம் ஆண்டில் கொடுத்த 174ஆவது அறிக்கை ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம், கேரளம் ஆகியவற்றின் சட்டங்களை எடுத்து அலசுகிறது. அறிமுகமான நிலையில் 2004 மசோதாவிலும் முன்பே திருமணமான மகளுக்கு இதே விலக்கு இருந்தது. நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. நடுவில் நாடாளுமன்ற நிலைக் குழுவின் அறிக்கை இருக்கிறது. அந்த விலக்கை ஆதரித்தும் எதிர்த்தும் சொல்லப்பட்ட வாதங்களை மாநிலச் சட்டத்தின் பதிவுகளைவிட இங்கே விரிவாகப் படிக்கலாம். ஆனால் 2004இல் ஒருவர் சொன்ன காரணம் 1989இல் இருந்தவர்களின் மனதுக்குச் சாட்சி இல்லை. இதைப் பின்புலமாக வைத்துக்கொள்ளலாம், ஆதாரமாக வைக்கக் கூடாது. மாநில அரசு வழக்குகளில் தாக்கல் செய்யும் எதிர்மனுவுக்கும் இதே எச்சரிக்கைதான். சட்டம் வந்து பல வருடம் கழித்து அதைக் காப்பாற்றுவதற்காக எழுதப்படும் காரணம் அது.

சரி, இனி கோப்பு. பலர் யோசிக்காத இடம் ஒன்றைச் சொல்கிறேன்: டில்லி. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் போகும் மாநில மசோதாவை உள்துறை அமைச்சகம் கையாள்கிறது, மற்ற அமைச்சகங்களின் கருத்தையும் கேட்கிறது. எந்த மத்தியச் சட்டத்தோடு எந்தப் பிரிவு உரசுகிறது, மாநிலம் ஏன் இதைக் கேட்கிறது என்று விளக்க வேண்டிய கட்டாயம் அங்கே வருகிறது. சென்னையில் யாரும் யாரிடமும் விளக்கத் தேவையில்லாத ஒன்றை டில்லிக்கு எழுத்தில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே இதுபோன்ற சட்டங்களுக்கு உள்துறைக் கோப்பும் அதில் இருக்கும் கடிதப் போக்குவரத்தும் மாநிலக் கோப்பைவிடப் பேசக் கூடும். 25 வருடம் தாண்டிய மத்திய ஆவணங்களில் நிரந்தரமாகப் பாதுகாக்க வேண்டியவை தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட வேண்டும் என்பது 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டத்தின் ஏற்பாடு. எனவே அமைச்சகத்திடம் கேட்கும்போதே, கோப்பு காப்பகத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் மாற்றிய விவரத்தையும் கேட்டுவிடுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடும்போது 'ஏன் இந்த விலக்கு வைக்கப்பட்டது' என்று கேட்காதீர்கள். ஆவணத்தில் இருப்பதைத்தான் கொடுப்பார்கள், காரணத்தைப் புதிதாக எழுதித் தர வேண்டிய கடமை அலுவலருக்கு இல்லை. மசோதா எண், சட்ட எண், அரசிதழ்த் தேதிகளைக் குறிப்பிட்டு, இது தொடர்பான குறிப்புக் கோப்பையும் (அதிகாரிகள் எழுதிய குறிப்புகள்) நடப்புக் கோப்பையும் (கடிதப் போக்குவரத்து) நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். அரசாணை எண் தெரிந்தால் அதையும் போடுங்கள். 'நிலை' (Ms.) வரிசை அரசாணையின் கோப்பு பாதுகாக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம், அன்றாட நிர்வாகத்துக்கான 'வாலாயம்' (Rt.) வரிசைக்கு அந்த நம்பிக்கை குறைவு. அமைச்சரவை ஆவணம் என்று சொல்லி மறுக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு அப்படி மறுக்க இடம் தருகிறது, 20 வருடம் கடந்த தகவலுக்கும் அது பொருந்தும். ஆனால் அதே பிரிவு, முடிவெடுத்து விஷயம் முடிந்த பிறகு அந்த முடிவையும் அதன் காரணங்களையும் அதற்கு ஆதாரமான விவரங்களையும் வெளியிட வேண்டும் என்றும் சொல்கிறது. மேல்முறையீட்டில் நிற்க வேண்டிய இடம் இதுதான். இன்னும் பழைய சட்டங்கள் என்றால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அங்கே போகும்போது, 1969க்கு முன் இயற்றப்பட்டு இன்று 'தமிழ்நாடு' என்று பெயர் தாங்கும் சட்டங்கள் அப்போது 'மெட்ராஸ்' என்ற பெயரில் இருந்தன என்பதை மறக்காதீர்கள். அரசிதழுக்கும் அப்போது செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட் என்று பெயர். 1976 போன்ற குடியரசுத் தலைவர் ஆட்சிக் காலத்துச் சட்டங்களுக்குப் பேரவை விவாதமே இருக்காது.

கோப்பு கிடைத்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். 'ஆந்திரச் சட்டத்தைப் பின்பற்றலாம்' என்ற ஒற்றை வரியைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லாமல் போகலாம். விரிவான குறிப்பு இருந்தாலும் அது ஓர் அதிகாரி தன் மேலதிகாரிக்கு எழுதியது. வாக்களித்த உறுப்பினர்கள் அதைப் படித்திருக்கவே மாட்டார்கள். நீதிமன்றங்களும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கின்றன. 1950களில் உச்ச நீதிமன்றம் அவை உரைகளை அர்த்தம் காண்பதற்கு ஏற்க மறுத்தது, நோக்கக் காரண விளக்கவுரையைச் சூழ்நிலையை அறிய மட்டும் அனுமதித்தது. 1981ஆம் ஆண்டு கே.பி. வர்கீஸ் வழக்கில், எந்தக் குறையைச் சரிசெய்ய மசோதா வந்தது என்பதை அறிய அதைக் கொண்டுவந்தவரின் உரையைப் பார்க்கலாம் என்றது. 2018ஆம் ஆண்டு கல்பனா மேத்தா வழக்கில் நாடாளுமன்ற நிலைக் குழு அறிக்கைகளைப் பார்க்கலாம் என்று அரசியல் சாசன அமர்வு சொன்னது. போக்கு தளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஆனால் இவை எல்லாம் அவையின் முன் வைக்கப்பட்ட அல்லது அவையில் சொல்லப்பட்ட ஆவணங்கள். செயலகத்தின் உட்குறிப்பு அந்த வரிசையில் சேராது. ஆய்வேட்டில் அதைத் தாராளமாக எடுத்தாளலாம், 'சட்டமன்றத்தின் நோக்கம்' என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.

இதை ஆய்வுக்காக இல்லாமல், குடும்பத்தில் யாருடைய பங்குக்காகவோ கேட்கிறீர்கள் என்றால் 1989இன் காரணத்தைத் துரத்துவதில் பெரிய பயன் இல்லை. 2005 திருத்தம் திருமணமான மகள், ஆகாத மகள் என்று பிரிக்கவில்லை. மகளின் உரிமை பிறப்பால் வருவது, 9.9.2005 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே பார்க்க வேண்டியது, 20.12.2004க்கு முன் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்பாணையோ விற்பனையோ இருக்கிறதா என்பது. அதற்கு வில்லங்கச் சான்றும் குடும்பப் பத்திரங்களும் எடுத்துக்கொண்டு ஒரு சிவில் வழக்கறிஞரிடம் போனால் போதும்.